தோல் தடித்த பழம்

"இனிமே நீ எது கேட்டாலும் என்னால இல்லைன்னு சொல்ல முடியாது, தெரியுமா?"

"அப்படியா? அப்போ நான் ஒண்ணுமே கேக்கப் போறதில்ல."

"ஒண்ணுமேன்னா?"

"ஒண்ணுமேதான். கிட்னியைக் குடுத்துட்டு, அதைச் சொல்லிச் சொல்லியே காரியம் சாதிக்கிறாள்னு உங்க அக்கா பேசறதுக்கா?"

இரண்டு வருடங்களுக்கு முன்னால், அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள் நடந்த பேச்சு அது. அவன் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே கட்டிலில். அவள் வெளியே சக்கர நாற்காலியில், இடது விலாவுக்குக் கீழே தையலைக் கையால் பிடித்துக்கொண்டு. இருவர் காதிலும் போன். சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் இரண்டு பேரும் சிரிப்பை உதட்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால் சில வார்த்தைகள் வீட்டுக்குக் கூடவே வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிரந்தரமாகத் தங்கிவிடுகின்றன.

வீடு திரும்பிய பிறகு அவள் உண்மையிலேயே எதையும் கேட்கவில்லை. மேலடுக்கிலிருந்து டப்பா வேண்டுமென்றால், "அந்த டப்பா ரொம்ப உயரத்துல உக்காந்திருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவன் எழுந்துபோய் எடுத்துத் தருவான். "இந்த அறைக்குக் காத்தே பிடிக்காது போல" என்பாள். அவன் ஜன்னலைத் திறப்பான். கேட்காமலேயே கேட்கிற இந்த வித்தை அவர்களுக்குள் ஒரு ஆட்டமாகிவிட்டது. வீட்டுக்கு வந்துபோகிற அவன் அக்கா மட்டும், "ஏம்மா, உங்க வீட்ல சுவரோடதான் குடித்தனமா?" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த ஆட்டத்துக்குள் அடங்காமல் ஒரே ஒரு விஷயம் மட்டும் அவள் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது.

அவன் முடிதிருத்துபவன். கைராசிக்காரன் என்று பெயர் எடுத்தவன். வாடிக்கையாளர்கள் 'மாஸ்டர்' என்பார்கள். அவனும் அக்காவும் சேர்ந்து நடத்தும் கடை அது. அக்கா இடது நாற்காலி, அவன் ஜன்னலோரத்து நாற்காலி. அவள் முதன்முதலில் அந்தக் கடைக்குள் நுழைந்தபோது, அவள் பின்னந்தலையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "யாருங்க இதை வெட்டினது? அவங்க மேல கேஸ் போடலாம்" என்றான். நாற்பது நாள் கழித்து மறுபடி போனாள். அதன்பின் முப்பத்தைந்து நாள், முப்பது நாள், இருபது நாள் என்று இடைவெளி குறைந்துகொண்டே வந்து, இனி வெட்ட முடியே இல்லை என்ற நிலைமையில்தான் கல்யாணப் பேச்சு வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் அவர்களுடையவை. அக்கா சாப்பிடப் போவாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளை ஜன்னலோரத்து நாற்காலியில் உட்காரவைத்து, சீப்பை வாயில் கவ்வியபடியே அந்த வாரத்துக் கதையெல்லாம் சொல்வான். பாதி புரியாது. பிடரியில் அவன் விரல் படும். கத்திரி காதோரம் கிச்சுக்கிச்சென்று பேசும். முடி கழுத்தளவுக்கு வந்து நிற்கும்போது தலை மட்டுமல்ல, மனசும் ஒரு கிலோ குறைந்திருக்கும்.

அப்புறம் அவன் சிறுநீரகம் கைவிட்டது, இவளுடையது உள்ளே போனது, கூடவே மாத்திரைகள் வந்தன.

வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் காவலைக் கொஞ்சம் தூங்கவைக்கிற மாத்திரை. அதைப் பற்றிப் பாடம் எடுத்தவள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் மூத்த நர்ஸ். அவளுக்கு அவன் வைத்த பெயர் 'மாத்திரை டீச்சர்'. முகம் ஊதும், பசி கொல்லும், முடி கொட்டும், தூக்கம் கெடும், கை நடுங்கும் என்று அவள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனபோது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான்.

"டீச்சர், எனக்குக் கை மட்டும் வேண்டாம். வேற எதை வேணா ரெண்டு மடங்கு குடுங்க."

"பொறுக்கி எடுக்க இது கடை இல்ல மாஸ்டர்" என்றாள் டீச்சர்.

எல்லாமே வந்தன. முகம் ஊதி வட்டமானது. கண்ணாடியில் பார்த்து, "யாரோ என் சட்டையைப் போட்டுட்டு நிக்கிறான்" என்றான். உச்சந்தலை வெளிச்சமானது. "முடி வெட்டுறவனுக்கே முடி இல்லைன்னா எவன் நம்பித் தலையைக் குடுப்பான்" என்று தானே சிரித்தான். பசிக்கும் சிரித்தான், தூக்கமின்மைக்கும் சிரித்தான். கையைப் பற்றி மட்டும் அவனால் சிரிக்க முடியவில்லை.

கடைக்குத் திரும்பிய முதல் நாள், பத்து வருடமாக வருகிற ஒருவர் தலையைக் கொடுத்தார். காதோரத்தில் கத்திரி நுனி துள்ளியது. கடுகளவு ரத்தம். அவர் பெரிய மனுஷன், கொசு கடித்ததுபோல் துடைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார். அவன் கத்திரியைத் துடைத்து, உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்து மூடினான். அன்றிலிருந்து முகக்கவசம் கட்டிக்கொண்டு தலை கழுவிவிட்டான், போன் எடுத்தான், துண்டு மடித்தான். ஜன்னலோரத்து நாற்காலி காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் முடி வளர்ந்தது. தோளுக்கு வந்தது, முதுகுக்கு வந்தது, இடுப்பை எட்டிப் பார்த்தது. "வா, நான் வெட்டி விடறேன்" என்று நாத்தனார் கூப்பிட்டபோது, "இல்ல அண்ணி, வளர்க்கறேன்" என்றாள். நாத்தனார் அவளை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்த பார்வை. மறுபடி கேட்கவில்லை.

'நீங்க வெட்டி விடுங்க' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்டால், முடியாது என்று அவனால் சொல்ல முடியாது. அதுதான் பயம். உள்ளே ஓடுகிற சிறுநீரகம் அவனைச் சம்மதிக்க வைத்துவிடும். நடுங்கும் கையோடு வருவான், ஏதாவது ஆகும், அப்புறம் அந்த இழுப்பறை திறக்கவே திறக்காது. அதனால் கேட்கவில்லை.

ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, நடுவிலிருந்து ஆரம்பித்து ஒரு சுருள் வரையச் சொல்வாள். அவன் வரைந்தவை எல்லாம் முள்ளுக்கம்பியைச் சுருட்டி வைத்ததுபோல் இருந்தன. ரத்தத்தில் மருந்தளவோ ஊஞ்சலாடியது. ஒரு மாதம் பதினான்கு, அடுத்த மாதம் ஐந்து. பதினான்கு வந்தால் மாத்திரையைக் குறைப்பார்கள், ஐந்து வந்தால் கூட்டுவார்கள். ஏழுக்குப் பக்கத்தில் நில்லென்றால் நிற்கவில்லை. கூடினால் கை ஆடும். குறைந்தால் உடம்பு விழித்துக்கொண்டு சிறுநீரகத்தை விரட்டப் பார்க்கும். "நேரம் தவறாம போடறீங்களா? ஒதுக்கச் சொன்னதை எல்லாம் ஒதுக்கறீங்களா?" என்று டீச்சர் கேட்பாள். இவள்தான் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வாள். காலை எட்டு, இரவு எட்டு, அலாரம் அடிப்பதற்கு முன் மாத்திரை கையில். ஒதுக்கச் சொன்ன பட்டியலில் இருந்த ஒரே பழமான கிரேப்ஃப்ரூட் வீட்டு வாசலைக்கூட மிதித்ததில்லை.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றில் பழப் பிரிவே அவள் பொறுப்பு. பச்சைத் தொப்பி, பச்சை ஏப்ரன். பழத்தைத் தட்டிப் பார்த்தே வயசைச் சொல்லுவாள். மருமகளைப் போய்ப் பழத்தில் யாராவது ஏமாற்ற முடியுமா என்று அவள் மாமியார் இருந்தவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை சரக்கு வந்து இறங்கியிருந்தது. அவள் பெட்டிகளைப் பிரித்து, பம்பளிமாஸ் பழங்களைக் கோபுரமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இருப்பதிலேயே கனமான ஒன்றை எடுத்து, தன் பெயர்ச் சீட்டை ஒட்டித் தனியாக வைத்தாள். "பழக்காரம்மாவுக்கே ஒதுக்கீடா?" என்று பின்னாலிருந்து குரல். கையில் கூடையோடு, வெள்ளை உடுப்பில்லாமல் ஆளே மாறிப்போய், மாத்திரை டீச்சர்.

அவளுக்கு ஏக மகிழ்ச்சி. டீச்சருக்கு நல்ல மாம்பழம் பொறுக்கிக் கொடுத்தாள், தர்பூசணி தட்டிக் காட்டினாள். பேச்சோடு பேச்சாக, "அது அவருக்கு" என்று ஒதுக்கி வைத்த பழத்தைக் காட்டினாள். நீங்கள்தானே தோல் தடித்த பழமாகப் பார்த்து உரித்துக் கொடுங்கள், கிருமி உள்ளே போகாது என்று சொன்னீர்கள், இதைவிடத் தடித்த தோல் எந்தப் பழத்துக்கு இருக்கிறது, விரல்கனத்துக்கு இருக்கிறதே, அதனால் சரக்கு வருகிற வாரமெல்லாம் தினம் காலையில் அரைப் பழம், நாரெல்லாம் எடுத்து, கண்ணாடி மாதிரி ஆக்கித்தான் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனவள், டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

டீச்சர் கூடையைக் கீழே வைத்தாள்.

"சரக்கு வர்ற வாரமெல்லாமா?"

"ஆமா."

"வராத வாரம்?"

"வராத வாரம் ஆரஞ்சு."

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். "அம்மா, கிரேப்ஃப்ரூட்டுக்கு இது ஒண்ணுவிட்ட அக்கா மாதிரி. அது செய்யறதை எல்லாம் இதுவும் செய்யும். மாத்திரையை உடம்பு கரைச்சுத் தள்ள விடாம ரத்தத்துலயே தேக்கி வைக்கும். உங்க பதினாலு எங்கேருந்து வந்துதுன்னு இப்பதான் எனக்குத் தெரியுது. தப்பு எங்க மேலயும் இருக்கு. பட்டியல்ல ஒரு பழத்தை எழுதிட்டு அதோட சொந்தக்காரங்களை எழுதாம விட்டுட்டோம்."

இரண்டு வருடம். சுளை சுளையாக உரித்து, ஊட்டாத குறையாகக் கொடுத்து, அந்தக் கையை ஆட்டி வைத்தது அவளேதான். அடுக்கிய கோபுரத்தில் கை பட்டு, பழங்கள் உருண்டு நான்கு பக்கமும் ஓடின. டீச்சரும் அவளும் மண்டியிட்டுப் பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே டீச்சர் சொன்ன இன்னொரு விஷயம் அவள் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஏறியதும் கையில் பழத்தோடு அப்படியே எழுந்து நின்றாள். ஊஞ்சல் நின்றால், அளவு ஏழில் உட்கார்ந்தால், நாளைக்கு ஒரு முறை மட்டும் போடுகிற, மெதுவாகக் கரைகிற மாத்திரைக்கு மாற்றிப் பார்க்கலாமாம். நிறைய பேருக்கு அதில் நடுக்கம் குறைந்திருக்கிறதாம்.

அன்று மதியமே அனுமதி கேட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள். துண்டு மடித்துக்கொண்டிருந்தவன் முன்னால் நின்று, மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். அவன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கி, யாரோ தெரிந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அப்போ இது பழத்தோட கையா? என் கை இன்னும் உள்ளதான் இருக்கா?"

"திட்டுங்க" என்றாள் அவள் அழுகையோடு.

"நீ குடுத்த கிட்னிய நீ குடுத்த பழமே மிரட்டியிருக்கு. குடும்பச் சண்டை. நடுவுல நான் யாரைத் திட்டறது?"

அக்கா மட்டும் விட்டுவைக்கவில்லை. பழப் பிரிவுக்கே அதிகாரியாம், ஒரு பழத்தோட ஜாதகம் தெரியல என்று ஒரு வாரம் முழுக்க வாடிக்கையாளர்கள் முன்னாலேயே வறுத்தெடுத்தாள். திட்டும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழம் நின்றது. எதிர்பார்த்தபடி அளவு சட்டென்று ஐந்துக்கும் கீழே இறங்கியது. வாரம் ஒரு பரிசோதனை. மாத்திரையைக் கூட்டினார்கள். சிறுநீரகம் முணுமுணுக்காமல் வேலை செய்துகொண்டிருந்தது. ஆறு வந்தது. ஏழு வந்தது. மறுபடி ஏழு. மாத்திரை மாறியது. ஒவ்வொரு முறையும் போன் மணி அடிக்கும்போது இரண்டு பேரும் அதை நோக்கிப் பாய்ந்து, யார் எடுப்பது என்ற தள்ளுமுள்ளில் ஒருமுறை போன் வாளிக்குள் விழுந்தது. காலையில் அவன் டீயை எடுத்துவரும் சத்தத்தை அவள் படுக்கையிலிருந்தே கவனிப்பாள். கோப்பை தட்டில் கிடுகிடுக்கும் சத்தம் முதலில் தேய்ந்தது. பிறகு விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு நாள் கேட்கவே இல்லை. அவள் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காலை உதைத்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவன் வரைந்த சுருள் கொசுவத்தி மாதிரி இருந்தது. டீச்சர் அதைப் பக்கத்து அறைக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள்.

ஆனாலும் இழுப்பறை திறக்கவில்லை.

இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றான். கத்திரிக்குச் சாணை பிடிக்க வேண்டும் என்றான். இன்று ஈரக்காற்று என்றான். இப்படியே நாட்கள் போக, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அக்கா அவளைத் தனியாக அழைத்து, இனி தன்னால் ஒற்றை ஆளாக நிற்க முடியவில்லை, முழங்கால் போய்விட்டது, திங்கட்கிழமை ஒரு புது மாஸ்டர் வருகிறார், ஜன்னலோரத்து நாற்காலி அவருக்கு என்றாள்.

"அவன் நாற்காலிய இன்னொருத்தருக்குக் குடுக்கறது எனக்கு மட்டும் சந்தோஷமா? கையில இருந்த நடுக்கம் மனசுக்குப் போயிடுச்சும்மா. நான் சொன்னா கேக்க மாட்டான். நீ கேட்டா மறுக்க மாட்டான். அது உனக்கும் தெரியும்."

தெரியும். தெரிந்ததால்தான் அவள் வாய்க்கு இரண்டு பூட்டு. ஒன்று பழைய பூட்டு. இன்னொன்று புதுசு. அந்தக் கையை ஆட்டி வைத்தவளே போய், அந்தக் கையிடம் கேட்பதா?

மறுநாள் ஞாயிறு மதியம் ஷிப்ட் முடிந்ததும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் கடைக்கு வந்தாள். அக்கா அவளைப் பார்த்ததும், பசிக்கிறது என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனாள். அவன் சீப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய் ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நாற்காலி கிறீச்சென்றது.

பச்சைத் தொப்பியைக் கழற்றினாள். கொண்டையில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி முன்னால் வைத்தாள். முடி சரிந்து நாற்காலியின் முதுகைத் தாண்டி விழுந்தது.

"தலை கழுவணுமா?" என்றான் அவன்.

அவள் கண்ணாடியைப் பார்த்து, எப்போதும் போல, "இந்த முடிக்கு ரொம்பத்தான் கனம்" என்றாள்.

டப்பாவுக்கும் ஜன்னலுக்கும் பலித்த வித்தை. அவன் கையிலிருந்த சீப்பு ஒரு நொடி நின்றது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது கண்ணாடியில் தெரிந்தது. பிறகு அவன் மறுபடி சீப்பைத் தேய்த்தான்.

"அக்கா வந்ததும் வெட்டி விடுவா."

"பிடரியெல்லாம் வேர்க்குது."

"ஃபேன் போடறேன்."

போட்டான். முடி பறந்து அவள் முகத்தில் விழுந்தது. இரண்டு வருடமாகத் தோற்காத ஆட்டம் இன்று தோற்றுவிட்டது. சுவரிடம் சொல்லி இது நடக்காது.

அவள் நாற்காலியைச் சுற்றி அவன் பக்கம் திரும்பினாள். கண்ணாடி வழியாக இல்லாமல், நேராகப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும்."

அவன் குழாயை மூடினான். ஊதிய முகத்தில் கண்கள் பெரிதாகின. "நீயா? கேக்கறதா?"

"ஆஸ்பத்திரியில நீங்க குடுத்த வாக்கை உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டேன். நீங்க இல்லைன்னு சொல்லலாம். முடியாதுன்னு சொன்னீங்கன்னா, சரின்னு கொண்டை போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போய் சாப்பாடு போடுவேன். கிட்னிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. பழத்துக்கும் இல்ல. முத நாள் உள்ள வந்தேனே, அவ கேக்கறா. கோணலா போனாலும் பரவாயில்ல, கேஸ் போட மாட்டா."

அவன் ஈரக்கையைத் தன் ஏப்ரனில் துடைத்தான். ஒரு முறை, இரண்டு முறை. கை இழுப்பறையின் பிடிமேல் போய் நின்றது. அது நடுங்கவில்லை. அவள்தான் நடுங்கிக்கொண்டிருந்தாள், காது வரைக்கும் சிவந்து, முதல் தடவை மனசைத் திறந்து சொல்லப் போகிற பெண்ணைப்போல.

"என் முடியை வெட்டி விடறீங்களா?"